டிராப்புக்கு முன்னால் 32 பார் வேண்டும்

வெள்ளிக்கிழமை என்றால் புது டிராக். 2015 ஜூலையில் இருந்து உலகம் முழுக்கப் புது வெளியீடுகளை வெள்ளியன்றே விடுவது என்று இசை நிறுவனங்கள் ஏற்பாடு செய்துகொண்டன. அதனால் வியாழன் ராத்திரியே எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். நான் துழாவுவது டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான ஆட்ட இசையின் பக்கத்தை மட்டும்தான், அதிலும் டான்ஸ்ஃப்ளோருக்கு ஆகிற டிராக்குகளை. ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்தபடி கேட்க இதமாக இருக்கும் ரகமும் அதே பக்கத்தில் நிறைய வருகிறது. நல்ல இசைதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஆடவந்த கூட்டத்தின் முன்னால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இருப்பது பிரிஸ்டலில். பகலில் மருந்தகத்தில் வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு பப்பின் பின்னறையில் ஒரு மணி நேரம் டிராக் போடுகிறேன். அறுபது, எழுபது பேர் வந்தாலே அறை நிறைந்துவிடும். கிடைக்கிற பணம் டாக்ஸிக்கும் அடுத்த மாதம் டிராக் வாங்குவதற்கும் சரியாகப் போகும். அந்த இரவை நடத்துபவர் செயின்ட் பால்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்த ஜமைக்கா வம்சாவளிக்காரர், வயது அறுபதைத் தொடுகிறது. அவருடைய அப்பா காலத்தில் வீட்டிலேயே சவுண்ட் சிஸ்டம், அதாவது ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் பெரிய ஸ்பீக்கர் அடுக்கு, வைத்திருந்தார்களாம். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் மனதுக்குள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவது. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு வந்தபின் இந்த இசை காதில் விழாமல் தப்பிக்க முடியாது. செயின்ட் பால்ஸில் 1968-இல் தொடங்கிய கார்னிவலில் தெருமுனைதோறும் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்களை அடுக்கிப் பாட்டுப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் தொண்ணூறுகளில் இங்கே டிரம் அண்ட் பேஸ் செய்தார்கள். ரோனி சைஸும் அவருடைய ரெப்ரசென்ட் குழுவும் 1997-இல் பிரிட்டனில் வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசை வாங்கியபோது அதே பட்டியலில் ரேடியோஹெட் இருந்தது, ப்ராடிஜி இருந்தது. லண்டன் பத்திரிகைகள் அதிர்ந்துபோனதை அண்ணாச்சி இன்னும் ருசித்துச் சொல்வார். கம்ப்யூட்டரில் செய்த இசையை மேடைக்குக் கொண்டுபோகும்போது அவர்கள் டிரம்மரையும் டபுள் பேஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அது எனக்குப் பிடித்த விஷயம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நிமிடத்துக்கு 174 அடி, அல்லது அதை ஒட்டி. நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். அதில் ஸ்னேர் என்ற சுள்ளென்ற டிரம் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் விழும். கனத்த டிரம்மான கிக் முதலில் ஒன்றில், அடுத்த கிக் மூன்றைத் தாண்டி அரை அடி தள்ளி. அந்தத் தள்ளல்தான் ஆளை முன்னால் இழுக்கிறது. மேலே டிரம் தலைதெறிக்க ஓடும், கீழே பேஸ் என்ற தாழ்ந்த ஒலி அதில் பாதி வேகத்தில் நிதானமாக நகரும். ஆடுகிறவர் எதைப் பிடித்துக்கொள்கிறாரோ அதைப் பொறுத்து ஆட்டம் மாறும். முன்வரிசையில் இருபது வயசுப் பிள்ளைகள் 174-க்குக் காலை உதறுவார்கள். சுவரோரம் நிற்கும் நடுவயசு ஆட்கள் 87-க்குத் தோளை ஆட்டுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டிராக் போதும்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். டான்ஸ்ஃப்ளோர் டிராக் என்பது வேண்டுமென்றே பாதியில் விட்ட சரக்கு. மீதிப் பாதி இன்னொரு டிராக். ஒன்றின் வாலும் அடுத்ததன் தலையும் சேர்ந்து ஓடும் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் இந்த இசை முழுசாகிறது. அதனால் தொடக்கத்தில் வெறும் டிரம் மட்டும் ஓடும் இடம் வேண்டும். 174 வேகத்தில் ஒரு பார் 1.38 வினாடி. 16 பார் 22 வினாடி, 32 பார் 44 வினாடி. பழைய பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகளில் 64 பார் ஓடியபின் டிராப், அதாவது பேஸும் டிரம்மும் முழுசாக வந்து விழும் இடம், வருவது சாதாரணம். அது கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம். வீட்டில் கேட்டால் 'எப்போதான் ஆரம்பிக்கும்' என்று அலுப்பாக இருக்கும். டிஜேயாக டெக்குக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அந்த ஒன்றரை நிமிடம் தங்கம். ஓடுகிற பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி வேகம் பிடித்த பிறகுதானே படியில் கால் வைக்க முடியும்? அந்த ஓட்டத்துக்கான தூரம்தான் இன்ட்ரோ.

வெள்ளிக்கிழமை வரும் டிராக்குகளில் இந்தத் தூரம் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. காரணம் ரசனை மட்டுமில்லை, கணக்கு. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாக எண்ணிக்கையில் சேரும். 30 வினாடி என்பது நம் வேகத்தில் 22 பார்கூட இல்லை. அதற்குள் டிராப்பைக் காட்டிவிடவில்லை என்றால் கேட்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்ற பயம். ஆக 16 பார் இன்ட்ரோ, அதிலும் முதல் பாரிலேயே குரல், 22-ஆவது வினாடியில் டிராப், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து வால்கூட இல்லாமல் வெட்டு. முதல் பாரிலேயே ஒருத்தர் பாட ஆரம்பித்துவிட்டால், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கில் பாடுகிறவர் மேல் இவர் குரல் மோதும். இரண்டு குரல் மோதினால் ஆடுகிற கூட்டத்துக்கு எரிச்சல் வரும், அது முகத்தில் உடனே தெரியும்.

நல்ல தயாரிப்பாளர்கள் நீளப் பதிப்பு என்று தனியாக ஒன்றைக் கூடவே விற்கிறார்கள். அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்குவேன். இல்லாவிட்டால் முதல் எட்டு பாரை லேப்டாப்பில் வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டி நானே ஒரு இன்ட்ரோ செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்குக்கு நான் தையல் போட வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கடுப்பாக இருக்கும்.

அண்ணாச்சிக்கு இதில் என்னைவிடக் கடுமையான கருத்து. ஒருநாள் புதிதாக வாங்கிய ஒன்றைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பேஸ் மூன்று அடுக்கு, மேலே சிந்தசைசர், அதற்கு மேல் பாட்டு, இடைவெளியில் எல்லாம் டிரம் ரோல். பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா அடுத்தவன் உட்கார இடமே விடலையே" என்றார். அவர் இங்கிலீஷில் சொன்னது எனக்குள் இப்படித்தான் தமிழாகப் பதிந்திருக்கிறது. அன்றிலிருந்து புது டிராக் கேட்கும்போது, எதை விட்டுவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஆண்டி சி என்ற டிஜேயின் பெயரை இந்த இசை கேட்கிறவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1992-இல் ராம் ரெக்கார்ட்ஸ் என்ற இசை லேபிளைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2018-இல் லண்டன் வெம்பிளி அரங்கத்தைத் தனியாளாக நிரப்பியவர். இரண்டு டிராக்கின் டிராப்பை ஒரே நொடியில் விழவைக்கும் டபுள் டிராப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். ஒன்றில் பேஸ் கனமாக இருந்து மற்றதில் டிரம்மும் சின்னக் குரல் துண்டும் மட்டும் இருந்தால் டபுள் டிராப் பளிச்சென்று விழும். இரண்டும் நெரிசலாக இருந்தால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே வெறிச்சோடிக் கிடப்பதாகத் தோன்றும் டிராக்தான் பல நேரம் என் கூடையில் விழுகிறது. ரோலர் என்று சொல்வார்கள் அந்த ரகத்தை. ஒரே பேஸ் வரி, ஒரே டிரம், சிறுசிறு மாற்றங்களோடு உருண்டுகொண்டே போகும். தனியாகக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் போரடிக்கும். அறையில் கூட்டத்தை அரை மணி நேரம் கட்டிப்போடுவது அதுதான்.

இப்படிச் சொல்வதால் தரவரிசையில் ஏறிய டிராக்குகள் எல்லாம் எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். கடந்த சில வருடங்களில் பிரிட்டனில் டிரம் அண்ட் பேஸ் அவ்வப்போது முதலிடத்துக்கும் வந்து போகிறது. 2012-இல் டிஜே ஃப்ரெஷ், ரீட்டா ஓராவோடு செய்த 'ஹாட் ரைட் நவ்' முதலிடம் வந்தபோது அது இந்த வகையில் முதல் தடவை. 2023-இல் கென்யா கிரேஸின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்', 2024-இல் சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் என்ற இரட்டையர், ராப்பர் ஸ்டோர்ம்ஸியோடு செய்த 'பேக்போன்' இரண்டும் முதலிடம். சேஸ் அண்ட் ஸ்டேட்டஸ் அதே வருடம் பிரிட் விருதுகளில் ஆண்டின் தயாரிப்பாளர் விருதையும் வாங்கினார்கள்.

'பேக்போன்' எனக்குப் பிடிக்கும். பேஸும் டிரம்மும் ஸ்டோர்ம்ஸியின் கனத்த குரலும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, அண்ணாச்சி கேட்ட இடம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் சேஸ் அண்ட் ஸ்டேட்டஸும் பூ என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து விட்ட 'பதாடன்' வேறு மாதிரி: ஐரா, ஃப்ளோடான், ட்ரிகா, டக்குரா என்று நாலு பேர் மைக்கில். நாலு குரல் என்றால் நெரிசலாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. அவர்கள் பாடுவதைவிடத் தாளமாகத்தான் ஓடுகிறார்கள், இன்னொரு டிரம் சேர்ந்த மாதிரிதான் இருக்கிறது. சவுண்ட் சிஸ்டம் காலத்தில் மைக் பிடித்தவர்களின் வழி அது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' முற்றிலும் எதிர்த் திசை. கென்யா கிரேஸ் தானே எழுதி, தானே பாடி, தானே தயாரித்த பாட்டு, குரல் காதோடு பேசுகிற மாதிரி. நடுச்சாமத்தில் போட்டால் அறை தளர்ந்துவிடும். கடைசிப் பாட்டாக, விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் போட்டால் கதையே வேறு. இதைப் பற்றி அண்ணாச்சிக்கும் எனக்கும் தகராறு உண்டு, பிறகு சொல்கிறேன்.

கீழ் ஒலிக்கு வருவோம், என் காசு போவதும் மிஞ்சுவதும் அங்கேதான். இந்த வகையில் எஃப் சுரத்தை மையமாக வைத்த டிராக்குகள் ஏராளம். காரணம் எளிது. கீழ் எஃப் 43.65 ஹெர்ட்ஸ். ஜி 49. நல்ல கிளப் ஸ்பீக்கர் இந்த எல்லையில்தான் நெஞ்சைத் தொடுகிற அளவுக்குத் தள்ளும். அதற்கும் கீழே டி, சி என்று இறங்கினால் பெரும்பாலான பெட்டிகள் கையை விரித்துவிடும். லண்டன் ஃபேப்ரிக் கிளப்பின் முதல் அறையில் தரைக்கு அடியிலேயே கருவிகளைப் பொருத்தி பேஸைக் காலுக்கு ஏற்றுகிறார்கள். எங்கள் பப்பில் அதெல்லாம் கிடையாது. பேஸுக்கென்று இரண்டு பழைய சப் பெட்டிகள், பின்னால் பீர் பீப்பாய்கள். ஆனால் எஃப்பில் ஒரு ரோலர் விழுந்தால் அந்தப் பெட்டிகளும் மானத்தைக் காப்பாற்றும்.

போன் ஸ்பீக்கரில் இந்த 43 ஹெர்ட்ஸ் சுத்தமாகக் கேட்காது. அதனால் போனுக்கென்று செய்யும் டிராக்குகளில் பேஸின் கனத்தை நடு ஒலிக்கு ஏற்றிவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஜம்ப்-அப் என்ற துள்ளல் ரக டிராக்குகளில் கப்பல் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் தொற்றுநோயாகப் பரவியது. போனில் கேட்டால் வெறித்தனமாக இருக்கும். பெரிய பெட்டியில் போட்டால் மேலே சங்கு, கீழே காலி. என் சோதனைச்சாலை எங்கள் கார். புது டிராக்கை ஏற்றி, வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். பக்கக் கண்ணாடி நடுங்கினால் தேறியது. அவருக்கு இந்த இசையில் ஈடுபாடு கிடையாது, இளையராஜா ஆள். "இது ஆடுது", "இது ஆடலை" என்று கண்ணாடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

கண்ணாடிக்கு அடுத்தது ஸ்னேர். 200 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு குத்து, அதன்மேல் ஒரு சரசரப்பு. குத்து மெலிந்திருந்தால் முந்தைய டிராக்கிலிருந்து இதற்கு மாறும் நொடியில் அறையின் சத்தமே ஒரு படி இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். வால்யூமைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது. எத்தனையோ அழகான டிராக்குகளை ஸ்னேருக்காகவே விட்டிருக்கிறேன்.

புது வெளியீடுகளில் இப்போது இன்னொரு அலை, டிரம் அண்ட் பேஸுக்கு முன்னோடியான ஜங்கிள் திரும்பி வந்தது. நியா ஆர்கைவ்ஸ் என்ற பாடகி 2024-இல் விட்ட 'சைலன்ஸ் இஸ் லவுட்' ஆல்பம் மெர்குரி பட்டியலில் இடம்பிடித்தது. அவருக்கும் டிஜே ஷெரெல்லுக்கும் பின்னால் ஒரு இளம் பட்டாளமே பழைய பிரேக்குகளை, அதாவது பழைய பாட்டுகளில் டிரம் மட்டும் ஓடும் துண்டுகளை, வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிரேக்குகளில் முதலிடம் ஆமெனுக்கு. வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969-இல் வெளியிட்ட தட்டின் பின்பக்கப் பாட்டில், கிரிகரி கோல்மன் தனியாக வாசித்த நாலு பார் டிரம். ஏறத்தாழ ஏழு வினாடி. அதை வேகம் கூட்டி, துண்டு துண்டாக நறுக்கி, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் போட்டார்கள். கோல்மன் 2006-இல் அட்லாண்டாவில் வீடு வாசல் இல்லாமல் இறந்துபோனார். அந்த ஏழு வினாடிக்காக அவருக்கு ஒரு காசு வரவில்லை. குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் இங்கிலாந்து டிஜே இருவர் இணையத்தில் வசூல் செய்து 24,000 பவுண்ட் அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனாலும் ஆமென் போட்ட புது டிராக்குக்கு நான் பணம் கட்டும்போது, இது யாருக்குப் போகிறது என்று ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. அப்புறம் வாங்கியும் விடுகிறேன். அந்த டிரம் வந்தவுடன் அறையில் வயசானவர்கள் முகம் மலர்வதைப் பார்த்தால் வாங்காமல் இருக்க முடியவில்லை.

புது வெளியீடு என்று சொன்னாலும், கூட்டத்துக்கு அது பல சமயம் புதுசே இல்லை. முன்னெல்லாம் டிராக் முடிந்தவுடன் அதை அசிடேட் தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டி டிஜே கையில் கொடுப்பார்கள், டப்பிளேட் என்று பேர். லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற இடத்தில் வெள்ளிக்கிழமையானால் வரிசையில் நின்று வெட்டிக்கொண்டு அப்படியே கிளப்புக்குப் போவார்களாம். மெல்லிய தட்டு, ஓட ஓடத் தேய்ந்துவிடும். கடைக்கு வரும் முன்னால் மாதக்கணக்கில் அந்தப் பாட்டு இரவுகளில் சுற்றியிருக்கும். இன்று தட்டுக்குப் பதில் மின்னஞ்சலில் ஃபைல் போகிறது. பெரிய டிஜேக்கள் கோடையில் போட்டது எனக்குக் குளிர்காலத்தில் விலைக்கு வரும். சின்ன அறையில் ஆடுகிற பிள்ளைகள் அதற்குள் அதை யூடியூபில் மனப்பாடம் செய்திருப்பார்கள். வருத்தமில்லை. தெரிந்த டிராப்புக்குத்தான் கூட்டம் முன்கூட்டியே கத்தும்.

இந்த டப்பிளேட் வரிசைக் கதைகளில் ஆண்கள் பெயர்தான் அடிக்கடி வரும். ஆனால் மெட்டல்ஹெட்ஸ் லேபிளைத் தொடங்கியதில் தயாரிப்பாளர் கோல்டியோடு கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம் என்ற இரண்டு பெண்களும் உண்டு. லண்டன் ஹெவன் கிளப்பில் ஃபேபியோவும் க்ரூவ்ரைடரும் போட்ட 'ரேஜ்' இரவுக்கு கோல்டியைக் கூட்டிப்போனதே அவர்கள்தான். கெமிஸ்ட்ரி 1999-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அதே வருடம் வந்த அவர்கள் இருவரின் 'டிஜே கிக்ஸ்' மிக்ஸ் என்னிடம் இருக்கிறது. டிராக் எப்போது மாறியது என்றே தெரியாமல் மாறும். டிஜே கன்ட்ரோலரில் பழகத் தொடங்கிய காலத்தில் அதை ஓடவிட்டு, எந்த இடத்தில் அடுத்தது உள்ளே நுழைகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தேன்.

வாங்கும் இடத்தைக் கேட்கிறவர்களுக்கு: பெரிய லேபிள் சரக்கு பீட்போர்ட்டில், மற்றதெல்லாம் பேண்ட்கேம்ப்பில். இரண்டும் இணையக் கடைகள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். 2020-இல் இருந்து அறிவித்த சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்குவது என் வழக்கம். பிரிஸ்டலிலேயே படுக்கையறையில் உட்கார்ந்து செய்கிற பிள்ளைகளின் டிராக்குகள் அங்கேதான் கிடைக்கும். இன்ட்ரோ 32 பார் விடுகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களும் ஏதோ ஒரு பின்னறையில் டிராக் போடுகிறவர்கள்தான். ஃபைல் எடுக்கும்போது ஒலியைச் சுருக்காத வேவ் எடுங்கள். எம்பி3 வீட்டுக்குப் போதும், பெரிய பெட்டியில் சிம்பல் சத்தம் கசகசக்கும்.

வருகிற சனிக்கிழமைக்குக் கூடை கிட்டத்தட்ட தயார். தொடக்கத்தில் குரலே இல்லாத ரோலர்கள், எல்லாம் எஃப்பிலும் ஜியிலும். நடுவில் 'பேக்போன்', அதன்மேல் பேண்ட்கேம்ப்பில் வாங்கிய ஒரு வெறும் ஆமென் டிராக்கை டபுள் டிராப் செய்து பார்க்கலாம் என்று ஆசை. ஹெட்போனில் பொருந்துகிறது, பீர் பீப்பாய்களுக்கு நடுவில் எப்படி இருக்குமோ. கடைசிப் பாட்டாக 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி அந்த இடத்தில் 1995 வாக்கில் வந்த தட்டு ஒன்றைத் தன் கையாலேயே போடுவேன் என்கிறார். கூட்டத்தைத் தாலாட்டி வீட்டுக்கு அனுப்ப இது என்ன குழந்தைகள் காப்பகமா என்று கேட்கிறார். மெயின் ஸ்விட்ச் அவர் பக்கம் இருப்பதால் அநேகமாக அவர் சொன்னதுதான் நடக்கும்.